கடன் வாங்கிய பயம்

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்துக்கு வந்த முதல் டிரெய்லரில் மொத்தமே ஒரு ஷாட்தான். ஒரு ஓட்டலின் உட்கூடம். நேர் எதிரே இரண்டு லிஃப்ட். இரண்டின் கதவும் மூடியிருக்கிறது. பக்கத்தில் நாற்காலிகள். கேமரா அசையவே இல்லை. திரையின் அடியிலிருந்து மேலே பெயர்கள் நகர்ந்து போகின்றன: இயக்குநர், நடிகர்கள், படத்தின் பெயர், இது ஸ்டீபன் கிங் நாவல் என்ற தகவல். பூச்சிகள் இரைவதுபோல ஒரு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. பெயர்களெல்லாம் போய் முடிந்த பிறகு லிஃப்ட் கதவோரத்திலிருந்து ரத்தம் வருகிறது. கசியவில்லை, அணை உடைந்த மாதிரி பாய்கிறது. ஸ்லோ மோஷனில் சுவர் உயரத்துக்கு எழும்பி, நாற்காலிகளைப் புரட்டித் தள்ளிக்கொண்டு நம்மை நோக்கி வந்து லென்ஸ்மேல் அடிக்கிறது. அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்.

இதில் நடிகர் இல்லை, கத்தி இல்லை, அலறல் இல்லை. கதை என்னவென்று ஒரு வரிகூடத் தெரியாது. எல்லா வயதினருக்கும் காட்டப்படும் டிரெய்லரில் ரத்தம் வரக்கூடாது என்று அப்போது அமெரிக்காவில் விதி. அது ரத்தமில்லை, துருப்பிடித்த தண்ணீர் என்று சொல்லி குப்ரிக் தணிக்கைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, யோசித்தால் அந்தப் பொய்யில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யாருடைய ரத்தம் அது? ஒரு லிஃப்ட் நிறைய ரத்தம் வேண்டுமென்றால் எத்தனை பேர் செத்திருக்க வேண்டும்? ஒரு உடலைக்கூட நாம் பார்க்கவில்லை. காயமில்லாத ரத்தம்.

நிறைய தடவை பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் ரத்தம் பாயும் இடத்தைவிட, அதற்கு முன்னால் ஒன்றுமே நடக்காத அந்த நேரம்தான் என்னைப் பிடித்து வைக்கிறது. பெயர்களைப் படிக்கிறோம்; ஆனால் ஒரு கண் லிஃப்ட் கதவின் மேலேயே இருக்கிறது. கதவைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. கேமரா அதை நோக்கி நகரவில்லை. நாமாகவே பார்க்கிறோம். ஏனென்றால் நமக்குத் தெரியும், இந்த மாதிரிப் படங்களில் மூடிய கதவு மூடியபடியே இருக்காது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதற்கு முன்னால் பார்த்த பேய்ப்படங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். பயம் உண்டாக நேரம் வேண்டும். டிரெய்லருக்கு நேரம் கிடையாது. அதனால் திகில் பட டிரெய்லர் பயத்தைத் தானாக உண்டாக்குவதில்லை, கடன் வாங்குகிறது. ஏற்கெனவே நமக்குள் சேர்ந்து கிடக்கும் பயத்திலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. மூடிய கதவு, காலியான ஊஞ்சல், சுவரைப் பார்த்து நிற்கும் குழந்தை எல்லாம் இரண்டு விநாடியில் வேலை செய்வதற்குக் காரணம், யாரோ ஒரு இயக்குநர் எப்போதோ அதற்காகப் பத்து நிமிடம் உழைத்து வைத்திருப்பதுதான். நாம் தேய்வழக்கு என்று திட்டும் விஷயங்கள்தான் இந்தச் சின்ன வடிவத்தின் செலாவணி. தேய்வழக்கைப் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஒரு டிரெய்லரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வாங்கிய கடனை வைத்து என்ன செய்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

(ஒரு எச்சரிக்கை. ‘சைக்கோ’, ‘ஹெரடிட்டரி’, ‘பீட்சா’ மூன்றின் கதையையும் கீழே உடைத்திருக்கிறேன்.)

நேரம் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். திகில் படத்தில் ஒரு ஷாட்டின் அர்த்தம் அதன் நீளத்தில் இருக்கிறது. ஒரு பெண் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள், அவள் ஃப்ரேமின் இடது ஓரத்தில் நிற்கிறாள், வலது பக்கம் முழுக்க இருட்டான கூடம். இதை மூன்று விநாடி காட்டினால் அது பாத்திரம் கழுவும் ஷாட். பதினைந்து விநாடி காட்டினால் அது கூடத்தைப் பற்றிய ஷாட். ஃப்ரேமில் ஒன்றுமே மாறவில்லை, நம் கண் மட்டும் அவளை விட்டு இருட்டுக்குள் போய்விட்டது. கேமரா மெதுவாக முன்னால் நகரும் டிராலி ஷாட்டும் இப்படித்தான். ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தால் அது யாரோ வருவது. அதைவிட மெதுவாக, நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நகர்ந்தால், வருவது ஆள் இல்லை. அந்த வித்தியாசத்தை உணர நமக்குப் பல விநாடிகள் தேவை.

டிரெய்லருக்கு இரண்டு, இரண்டரை நிமிடம். அதற்குள் குடும்பம், வீடு, பேய், நட்சத்திரம், வெளியீட்டுத் தேதி எல்லாம் வந்தாக வேண்டும். எடிட்டர் என்ன செய்வார்? அந்தப் பதினைந்து விநாடி ஷாட்டிலிருந்து இரண்டு விநாடி வெட்டி எடுப்பார். போன பதிமூன்று விநாடிக்குப் பதிலாகச் சத்தத்தைப் போடுவார். ஷாட், கறுப்பு, ஒரு ‘தும்’. ஷாட், கறுப்பு, இன்னொரு ‘தும்’. இந்தக் கறுப்பு இடைவெளி வெறும் அலங்காரம் இல்லை. படத்தில் கேமரா கொடுத்த காத்திருப்பை இங்கே ஒளியில்லாத திரை கொடுக்கிறது. இருட்டான கூடத்தைக் காட்ட நேரமில்லை, அதனால் திரையையே இருட்டாக்கிவிடுகிறார்கள்.

இன்றைக்கு வருகிற டிரெய்லர்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை என்பது உங்களுக்கே தெரியும். புது வீடு, வெயில், சிரிக்கிற பிள்ளைகள், அகலமான ஷாட்டுகள். பிறகு ஒரு சின்ன உறுத்தல்: நாய் உள்ளே வர மறுக்கும், அல்லது குழந்தை யாருடனோ பேசிக்கொண்டிருக்கும். பழைய பாப் பாடல் ஒன்று பாதி வேகத்தில், ஒற்றைப் பெண் குரலில் ஒலிக்கும். ஷாட்டுகள் சின்னதாகிக்கொண்டே வரும், க்ளோஸ்-அப்கள் அதிகமாகும், முக்கால் வாசியில் எல்லாம் ஒரே அலறலாகி, சட்டென்று அமைதி. படத்தின் பெயர். முடிந்தது என்று மூச்சு விடும்போது கடைசியாக ஒரு அதிர்ச்சி. இதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கொடுமை, டிரெய்லர் தொடங்குவதற்கு முன்னாலேயே வரும் ஐந்து விநாடி டிரெய்லர். கட்டைவிரல் ஸ்கிப் பட்டனைத் தேடிப் போவதற்குள் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டுமாம். ஒரு மசாலாப் படத்துக்கு அது பரவாயில்லை. திகிலுக்கு விஷம். பயமுறுத்தும் முகத்தை முதல் விநாடியிலேயே காட்டிவிட்டு, அப்புறம் வெயிலையும் சிரிக்கும் பிள்ளைகளையும் காட்டி என்ன பயன்? சும்மா பூச்சாண்டி காட்டுவதுதான் அது.

இந்த அச்சுக்குள்ளேயே இருந்துகொண்டு நேரப் பிரச்சினையைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். குப்ரிக் தீர்த்த வழி, ஒரே ஷாட்டை வெட்டாமல் கொடுப்பது. அது எல்லோராலும் முடியாது, அதற்குக் குப்ரிக் என்ற பெயர் வேண்டும். அதைவிட எளிமையான வழியொன்றை ஜேம்ஸ் வானின் ‘தி கான்ஜூரிங்’ (2013) டிரெய்லரில் பார்க்கலாம். அது படத்திலிருந்து நூறு துண்டுகளைப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டது.

ரோட் ஐலண்டில் ஒரு பண்ணை வீடு. வருடம் 1971. பெரோன் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள், நம் கண்ணாமூச்சி மாதிரி. ஒருவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒளிந்துகொள்வார்கள். கண் கட்டியவர் கேட்டால், ஒளிந்திருப்பவர் கையைத் தட்ட வேண்டும், சத்தம் வரும் திசையில் தேடிப் போகலாம். மூன்று தடவைதான் கேட்கலாம். அம்மா கரோலின் (லில்லி டெய்லர்) கண்ணைக் கட்டிக்கொண்டு மகளைத் தேடுகிறாள். கேட்கிறாள். ஒரு அறையில் அலமாரிக் கதவு திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டுகின்றன. அவள் சிரித்துக்கொண்டே அலமாரிக்குள் துழாவுகிறாள். மகளோ வேறொரு அறையில் இருந்திருக்கிறாள்.

இங்கே ஷாட் எப்படிப் பிரிகிறது என்று கவனித்துப் பாருங்கள். கரோலினுக்குக் கண் கட்டு. அவளுக்குப் பார்வை இல்லாததால் அவள் பார்வையில் ஒரு ஷாட் வைக்கவே முடியாது. திகில் படத்தில் நாம் பழகியது என்ன? பாத்திரம் எதையோ பார்க்கும், முகம் மாறும், அப்புறம்தான் நமக்குக் காட்டுவார்கள். இங்கே தலைகீழ். கையை நாம்தான் பார்க்கிறோம், அவள் சிரிக்கிறாள். அவளுடைய சிரிப்புதான் அந்த ஷாட்டின் பயங்கரம். சொல்லத் துடிக்கிறோம், முடியாது.

பிறகு, நிலவறை. இருட்டு. அதே கரோலின், கையில் தீக்குச்சி. விளையாடலாமா என்று ஒரு குரல் கேட்கிறது. குச்சியின் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிகிறது, மிச்சமெல்லாம் கறுப்பு. இப்போது நமக்கு விளையாட்டின் விதி தெரியும், கை எங்கிருந்தாவது வர வேண்டும். அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே, பின்னாலிருக்கும் இருட்டிலிருந்து, இரண்டு கைகள் வந்து தட்டுகின்றன.

கைதட்டல் என்ற ஒன்றை எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் அதற்கு ஒரு விதி கொடுத்து, அந்த விதியை ஒரு தடவை மீறி, இரண்டாவது தடவை நிறைவேற்றுகிறது இந்த டிரெய்லர். எங்கோ சேர்ந்து கிடந்த பயத்தை வாங்காமல் தன்னுடையதைத் தானே சம்பாதிக்கிறது. கொஞ்சம் கடனும் இருக்கத்தான் செய்கிறது. அலமாரி, நிலவறை, தீக்குச்சி மூன்றுமே பழைய சாமான்கள்தான். ஆனால் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. படம் வந்தபின் அந்தக் கைதட்டலே ஒரு புதுத் தேய்வழக்காகி, மற்றவர்கள் கடன் வாங்கும் இடமாகிவிட்டது. விலையும் இல்லாமல் இல்லை. படத்தின் மிகச்சிறந்த இரண்டு காட்சிகளைத் தியேட்டருக்குப் போகும் முன்னாலேயே பார்த்துவிட்டோம். தியேட்டரில் அந்தக் கை வரும்போது நான் பயப்படவில்லை, அடையாளம் கண்டுகொண்டேன். பழைய நண்பரைப் பார்ப்பதுபோல.

திகில் பட டிரெய்லரின் நிஜமான தர்மசங்கடம் இதுதான். நகைச்சுவைப் படத்துக்கும் இது உண்டு, ஆனால் நல்ல நகைச்சுவையை இரண்டாவது தடவையும் சிரிக்கலாம். பயம் அப்படியில்லை. விற்பதற்காக எடுத்து வெளியே வைத்ததும் கெட்டுப்போகிற சரக்கு. அப்படியானால் வேறெதையாவது காட்டி விற்க வேண்டும். அதாவது, பொய் சொல்ல வேண்டும்.

*

பொய்யிலும் இரண்டு வகை உண்டு என்று நினைக்கிறேன். 2017இல் ட்ரே எட்வர்ட் ஷல்ட்ஸ் இயக்கி ‘இட் கம்ஸ் அட் நைட்’ என்று ஒரு படம் வந்தது. இரவில் அது வருகிறது. டிரெய்லரில் அதற்கேற்ற எல்லாம் உண்டு. காட்டுக்குள் தனி வீடு, விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நீண்ட நடைவழி, அதன் கோடியில் ஒரு சிவப்புக் கதவு, இருட்டைப் பார்த்துக் குரைக்கும் நாய். சிவப்புக் கதவை நோக்கிக் கேமரா நகரும் வேகம், நான் முன்னால் சொன்ன அந்த மனித வேகமல்லாத வேகம். கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அந்த வேகம் வாக்குக் கொடுக்கிறது.

படத்தில் ‘அது’ கிடையாது. தொற்றுநோய்க்குப் பயந்து ஒரே வீட்டில் அடைந்து கிடக்கும் இரண்டு குடும்பங்கள் மெல்ல மெல்லச் சந்தேகத்தில் அழிவதைப் பற்றிய படம். நல்ல படம், அதிலும் 2020க்குப் பிறகு பார்த்தால் வேறு மாதிரி உறைக்கும். ஆனால் அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாந்ததாக நினைத்தார்கள். அமெரிக்காவில் வெளியீட்டு நாளன்று தியேட்டர் வாசலில் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனத்தின் கணக்கில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘டி’. கலைப்படத்தை ரசிக்கத் தெரியாத கூட்டம் என்று அவர்களை இகழ்வது சுலபம். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஷாட்டும் ஒரு மொழி. இவ்வளவு மெதுவாகக் கேமரா ஒரு கதவை நோக்கிப் போனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு, அந்த அர்த்தத்தைச் சொல்லித்தான் காசு வாங்கினார்கள். படத்துக்கும் இதில் நஷ்டம். பேயை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த மனிதர்களின் பயம் கண்ணில் படவே இல்லை.

அடுத்த வருடம், இதே ஏ24 நிறுவனம், ஏரி ஆஸ்டரின் ‘ஹெரடிட்டரி’. இதன் டிரெய்லரும் பொய்தான் சொல்கிறது. ஆனால் இந்தப் பொய்யை நான் ஆதரிக்கிறேன். அந்த வித்தியாசத்தை விளக்குவது முக்கியம் என்று படுகிறது.

டிரெய்லரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும், இது சார்லி என்ற சிறுமியைப் பற்றிய படம். பாட்டி இறந்துவிட்டாள், அம்மா ஆனி (டோனி கொலெட்) இறுதிச் சடங்கில் பேசுகிறாள். பேத்தி சார்லி (மில்லி ஷபிரோ) விசித்திரமாக இருக்கிறாள், நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டக்’ என்று ஒலியெழுப்புகிறாள். அம்மா சின்னச் சின்ன வீட்டு மாதிரிகளைச் செய்கிறாள். பயமுறுத்தும் குழந்தை என்ற வகைமையின் எல்லாச் சாமான்களும் ஆஜர். குழந்தை ஃப்ரேமின் நட்ட நடுவில், கேமராவை நேராகப் பார்த்தபடி. குழந்தை தூரத்தில், சின்னதாக, அசையாமல். பேய்ப்படம் நாலைந்து பார்த்தவர்கள்கூட மிச்சக் கதையைத் தாங்களே எழுதிவிடலாம். பாட்டியின் ஆவி பேத்திக்குள் புகும், குடும்பம் தவிக்கும்.

படத்தில் அரை மணி நேரம் கழிந்து சற்று நேரத்தில் சார்லி செத்துப்போகிறாள். அண்ணன் பீட்டர் கார் ஓட்டுகிறான், அவளுக்கு மூச்சு முட்டுகிறது, காற்றுக்காக ஜன்னலில் தலையை நீட்டுகிறாள், ஒரு கம்பம். டிரெய்லரில் படத்தின் பின்பாதித் துண்டுகளுக்கு நடுவே சார்லியின் முகத்தைச் செருகி, கடைசி வரைக்கும் அவள் இருப்பதுபோலக் காட்டியிருந்தார்கள். அதனால் தியேட்டரில் அந்தக் கணத்தில் நடந்தது வெறும் அதிர்ச்சியல்ல. பார்த்துக்கொண்டிருந்த படமே செத்துப்போன மாதிரி இருந்தது. இனிமேல் என்ன படம் ஓடும் என்று தெரியாத ஒரு நிலை.

அதற்கப்புறம் ஆஸ்டர் வைக்கும் ஷாட்டுகளைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த டிரெய்லராலும் கடன் வாங்க முடியாத ஷாட்டுகள் அவை. கார் நிற்கிறது. பீட்டரின் முகம், க்ளோஸ்-அப். பின் சீட்டைப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. பேய்ப்பட மரபுப்படி இங்கே ரிவர்ஸ் ஷாட் வர வேண்டும், அவன் எதைப் பார்த்துப் பயப்படுகிறானோ அதைக் காட்ட வேண்டும். வெட்டவே மாட்டேன் என்கிறார். அந்த முகத்திலேயே நிற்கிறார். அவன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், யாரிடமும் சொல்லாமல் படுக்கையில் போய் விழுகிறான். விடிகிறது. கேமரா மறுபடியும் அவன் முகத்தில். அம்மா வெளியே கிளம்பிப் போகும் சத்தம் கேட்கிறது. பிறகு அவள் அலறல். அப்போதும் நாம் பார்ப்பது பீட்டரின் முகத்தைத்தான். எல்லாம் காதில் விழுந்து முடிந்த பிறகு, நாம் இனி காட்டமாட்டார்கள் என்று நம்பிவிட்ட பிறகு, சாலையோரத்தில் கிடக்கும் தலைக்கு வெட்டுகிறார். எறும்புகள் மொய்க்கின்றன.

பயந்த முகம் என்பது டிரெய்லரின் அன்றாடச் சாமான். வாய் திறந்த முகம், விரிந்த கண், ஒரு விநாடி, கறுப்பு. அதே ரியாக்‌ஷன் ஷாட்டை ஒரு முழு இரவுக்கு இழுத்தால் அது பயமாக இருக்காது, துக்கமாகிவிடும். ‘ஹெரடிட்டரி’யின் மையம் அந்த துக்கம்தான். பேயெல்லாம் பிறகு வருவது. டிரெய்லர் பயமுறுத்தும் குழந்தையைக் காட்டிக் காட்டி, ஒரு குழந்தையை இழப்பதை நம்மிடமிருந்து மறைத்து வைத்தது. தேய்வழக்கு அங்கே ஒளிந்துகொள்ளும் இடம். எல்லோருக்கும் தெரிந்த கதை என்று எல்லோரும் நினைத்ததால்தான் யாரும் அதற்குப் பின்னால் எட்டிப்பார்க்கவில்லை. ‘இட் கம்ஸ் அட் நைட்’ டிரெய்லர் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னது. இது, இருக்கிற ஒன்றைச் சொல்லாமல் விட்டது. வாங்கிய கடனைப் படம் திருப்பிக் கட்டியது, நாம் கேட்காத நாணயத்தில்.

வாசலில் நின்று மதிப்பெண் போட்டவர்கள் என்னோடு உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாஸ்கோரில் ‘ஹெரடிட்டரி’ வாங்கியது ‘டி பிளஸ்’. ஒரே ஒரு பிளஸ் வித்தியாசம்!

இந்த வித்தையின் மூலவர் ஹிட்ச்காக். ‘சைக்கோ’ (1960) டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். படத்திலிருந்து எதுவும் இல்லை. ஹிட்ச்காக்கே வந்து, வீடு வாடகைக்கு விடுகிற தரகர் மாதிரி மோட்டலையும் மேட்டு வீட்டையும் சுற்றிக்காட்டுகிறார். பின்னணியில் விளையாட்டுத்தனமான இசை. இந்த மாடிப்படியில்தான் ஒரு கொலை என்கிறார், விவரிக்கத் தொடங்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதியில் நிறுத்துகிறார். அம்மாவின் அறைக்குப் போகிறார். கடைசியில் குளியலறை, எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார். ஷவர் திரையை விலக்குகிறார், சட்டென்று ஒரு பெண்ணின் அலறும் முகம். க்ளோஸ்-அப்.

கொலை நடக்கும் இடங்களை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாரே, ரகசியம் என்ன மிச்சம்? ஆள். யார் எப்போது சாவது என்பதை மட்டும் சொல்லவில்லை. படத்தின் நாயகியாக நாம் நம்பிப் பின்தொடரும் ஜேனட் லீ முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார். டிரெய்லரில் அலறும் முகம் அவருடையதும் அல்ல. விக் வைத்துக்கொண்டு அங்கே நிற்பவர் படத்தின் இன்னொரு நடிகையான வேரா மைல்ஸ். ஐம்பத்தெட்டு வருடம் கழித்து ஆஸ்டர் படம் செய்த வேலைக்கு முன்மாதிரி இங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் காட்டுகிற பாவனையில் ஒன்றை மறைப்பது.

தமிழில் இந்தத் தர்க்கத்தை டிரெய்லரில் இல்லாமல் படத்துக்குள்ளேயே வைத்து விளையாடிய ஒன்று உண்டு. கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012). பீட்சா கொடுக்கப் போன மைக்கேல் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான். மின்சாரம் இல்லை, கையில் ஒரு டார்ச். அந்த டார்ச் வெளிச்சத்தின் வட்டம்தான் ஃப்ரேமுக்குள் ஓடும் இன்னொரு ஃப்ரேம். அதற்குள் இருப்பதை மட்டும் நாம் பார்க்கிறோம், ஆனால் பயம் முழுக்க வட்டத்துக்கு வெளியே. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, குழந்தை வருகிறது, தேய்வழக்குகளின் திருவிழா. எல்லாம் முடிந்த பிறகு தெரிகிறது, அந்த இரவே ஒரு கட்டுக்கதை, வைரத்தைச் சுருட்டுவதற்காக மைக்கேலும், பேய்க்கதைகளில் ஊறிய அனுவும் சேர்ந்து ஜோடித்தது. அந்தக் கதையை நாம் ஏன் நம்பினோம்? பேய்க்கதை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அது அப்படியே இருந்தது, அதனால் நம்பினோம். மைக்கேல் தன் முதலாளிக்குப் போட்டுக் காட்டியது ஒரு இரண்டு மணி நேர டிரெய்லர்.

*

ஒரு ஷாட் மிச்சமிருக்கிறது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ 2006இல் இயக்குநர் ஓரன் பெலியின் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டது. படுக்கையறையில் முக்காலி மேல் ஒரு கேமரா, தூங்கும் இருவர், திறந்திருக்கும் கதவு, ஓரத்தில் ஓடும் கடிகாரம். காத்திருப்பு மட்டுமே கதை. இப்படியொரு படத்தை டிரெய்லராக வெட்டவே முடியாது, வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. 2009இல் படம் திரைக்கு வந்தபோது விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த வழி அபாரமானது. தியேட்டருக்குள் இருட்டில் பார்வையாளர்களைப் படம் பிடித்தார்கள். நைட் விஷன் கேமராவில் பச்சையாகத் தெரியும் முகங்கள். குனிகிறார்கள், பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள், விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள். படத்தின் துண்டுகளோடு, படத்தின் ரிவர்ஸ் ஷாட்டையும் காட்டினார்கள். பயத்தை ஊரிலேயே மலிவான இடத்திலிருந்து கடன் வாங்கியது என்றால் இதுதான். நம்மிடமிருந்தே.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு சம்பவமும் உண்டு. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், குழந்தைகள் ‘பீட்டர் ராபிட்’ பார்க்க உட்கார்ந்திருந்த ஒரு அரங்கில், தவறுதலாக ‘ஹெரடிட்டரி’ டிரெய்லர் ஓடிவிட்டது. நான் இவ்வளவு நேரம் சொன்னபடி பார்த்தால் அந்தக் குழந்தைகள் பயந்திருக்கக் கூடாது. அவர்களிடம் கடன் வாங்க என்ன இருக்கிறது? பேய்ப்படம் பார்த்தவர்களா? பயமுறுத்தும் குழந்தை என்ற வகைமை அவர்களுக்குத் தெரியுமா? ஆனால் பயந்தார்கள், நன்றாகவே பயந்தார்கள்.

சத்தம் ஒரு காரணமாக இருக்கலாம். காலின் ஸ்டெட்சன் இசையமைத்த படம், தாழ்ந்த ஒலிகள் வயிற்றுக்குள் இறங்கும். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. எந்த வகைமையையும் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஒரு குழந்தை படித்துத் தேறியிருப்பது அம்மாவின் முகத்தை. அந்த டிரெய்லர் முழுக்க டோனி கொலெட்டின் முகம்தானே, ஒரு அம்மா பயந்துபோன முகம். அதற்குப் பழக்கம் தேவையில்லை. பெற்றோர்கள் பாய்ந்து பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பொத்தியதாகச் செய்தி வந்தது. அப்படியானால், கை வந்து மூடுவதற்கு முந்தைய அரை விநாடியில், அந்தப் பிள்ளைகள் திரையிலிருந்து திரும்பிப் பக்கத்து சீட்டில் பார்த்ததும் அதேபோன்ற ஒரு முகமாகத்தான் இருந்திருக்கும்.